உயிரோடு இருப்பதற்கு என்ன சான்று?



நவம்பர் மாதம் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இரண்டு வேலைகளைக் கொண்டு வருகிறது. ஒன்று கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். காணையின் ஐப்பசி மழையில் திரி அணைய அணைய மறுபடியும் ஏற்றுகிறோம். இன்னொன்று, மத்திய அரசு ஓய்வூதியர்கள் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று. விழுப்புரம் சந்திப்பில் உழைத்து ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் நம்மிடையே உண்டு. இறந்தோரை நினைக்கும் இதே மாதத்தில்தான் அவர்கள், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று கைரேகை வைக்கிறார்கள்.

2024 நவம்பரில் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர், காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். "சாமி, சான்று கொடுத்துட்டேன். ஆனா எதுக்கு உயிரோட இருக்கேன்னுதான் தெரியல" என்றார். "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அது போதுமான பதில் அல்ல என்று பிறகுதான் உறைத்தது.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரலாறு நம் தமிழ்க் கத்தோலிக்கத் திருச்சபையிலேயே இருக்கிறது. வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சி அருகே குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக இருந்து, முன்சீப் ஆனவர். 1872இல் மாயூரத்தில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1876இல், வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி நடுங்கியது அதைத்தான். சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். பதவி இல்லாத அந்த முன்னாள் முன்சீப், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கிறிஸ்தவரின் கொடையைப் புகழ்ந்து பாடினார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியதும் ஓய்வுக்குப் பிறகுதான். 1889இல் அவர் இறந்தார். அவர் எழுதிய தீர்ப்புகளை இன்று யார் படிக்கிறோம்? ஓய்வுக்குப் பிறகு செய்தவைதாம் அவரை நம் நினைவில் நிறுத்துகின்றன.

"நான் முன்சீப் இல்லையே சாமி, ஊருக்குக் கஞ்சி ஊத்த என்கிட்ட என்ன இருக்கு?" என்று நம் பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை அவரே, அந்த மாதத்தின் கடைசியில், நமக்குக் காட்டினார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பெருக்கெடுத்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியாமல் நாம் தவித்தோம். பெரியவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் பூசைக் கருத்துக்காக அவர் எழுதி வைக்கும் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. எந்தத் தெரு, மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் எந்த ஊரில் என்பதும் இருந்தது. இறந்தவர்களின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, தனியாக இருந்த விதவைகளின் வீடுகளுக்கு இளைஞர்கள் அரிசியும் பாலும் கொண்டு போனார்கள்.

ஏறத்தாழ 998ஆம் ஆண்டில் பிரான்சின் குளுனி மடத்துத் தலைவர் புனித ஓதிலோ, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் செபிக்க நவம்பர் 2ஐக் குறித்தார். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அந்தப் பழக்கம் நிற்பது யாரால்? பெயர்களை மறக்காமல் வைத்திருக்கும் இப்படிப்பட்ட பெரியவர்களால்தான். ஆலயத்தை விட்டு நீங்காத அன்னாளுக்கு 84 வயது என்கிறார் புனித லூக்கா. குழந்தை இயேசு வந்தபோது அடையாளம் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

இளைஞர்களே, இந்த மாதம் உங்கள் வீட்டுப் பெரியவரை வாழ்நாள் சான்று கொடுக்கக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். தேய்ந்த ரேகை முதல் முறை பதியாது, பொறுமையாக இருங்கள். திரும்பும் வழியில் நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களே, நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று இனி நம்மிடம் கேட்டால், நாம் அந்த நோட்டைக் காட்டுவோம்.

இறந்தோர்க்கு இளைப்பாற்றியையும் முதியோர்க்கு மனத்திடனையும் ஆண்டவர் அருள்வாராக. ஆமென்.