டெஸ்டமென்ட் - திட்டு வாங்கின ஆல்பமும் கைதட்டல் வாங்கின ஆல்பமும்

த்ராஷ் மெட்டல்னு ஆரம்பிச்சாலே நாலு பேர் வரிசையா வந்து நின்னுடுவாங்க. மெட்டாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ். அஞ்சாவது யாருன்னு கேட்டா அங்கதான் சண்டையே ஆரம்பிக்கும். என் ஓட்டு எப்பவும் டெஸ்டமென்ட்டுக்குத்தான்.

எல்லாரும் கொண்டாடுற முதல் ரெண்டு ஆல்பத்தை (1987, 1988) இங்க தொடப்போறதில்லை. நான் சொல்ல வந்தது அதிகம் பேர் கேட்காத ரெண்டைப் பத்தி. 1992ல வந்த 'தி ரிச்சுவல்', 1994ல வந்த 'லோ'. ரசிகர்கள் கிட்ட இதுக்கு ஒரு ரெடிமேட் தீர்ப்பு இருக்கு: முன்னது விலை போன ஆல்பம், பின்னது மானத்தைக் காப்பாத்தின ஆல்பம். நானும் ரொம்ப வருஷம் இதையே சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். போன வாரம் ரெண்டையும் ஒரே ராத்திரியில அடுத்தடுத்துக் கேட்டேன். தீர்ப்பு ஆட்டம் கண்டுடுச்சு :-)

கொஞ்சம் பழைய கதை. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில இருக்கற பெர்க்லியில, 1983ல 'லெகசி'ங்கிற பேர்ல ஆரம்பிச்ச குழு இது. பிறகுதான் டெஸ்டமென்ட் ஆச்சு. பாட்டுக்கு சக் பில்லி, லீட் கிடாருக்கு அலெக்ஸ் ஸ்கோல்னிக், ரிதம் கிடாருக்கு எரிக் பீட்டர்சன், பாஸுக்கு கிரெக் கிறிஸ்டியன், டிரம்ஸுக்கு லூயி கிளமென்ட். முதல் ஆல்பம் வந்தப்ப ஸ்கோல்னிக்குக்கு வயசு வெறும் 18. 1987ல இருந்து 1990க்குள்ள நாலு ஆல்பம். மூச்சு விடக்கூட நேரமில்லாத ஓட்டம்.

அப்புறம் வந்தது 1991. ஆகஸ்ட்ல மெட்டாலிக்கா வேகத்தைக் குறைச்சு, பாட்டைச் சின்னதாக்கி, கருப்பு அட்டை போட்ட ஆல்பத்தை விட்டாங்க. கோடிக்கணக்குல வித்துச்சு. அடுத்த மாசமே நிர்வானாவோட 'நெவர்மைண்ட்'. த்ராஷ் ஆடிட்டிருந்த அத்தனை குழுவுக்கும் ஒரே கேள்விதான்: இனிமே என்ன பண்றது?

டெஸ்டமென்ட் சொன்ன முதல் பதில் 'தி ரிச்சுவல்'. தயாரிப்பாளர் டோனி பிளாட், ஏசி/டிசியோட 'பேக் இன் பிளாக்'குக்கு ஒலிப்பதிவு செஞ்ச மனுஷன். அந்த வாசனை ஆல்பம் முழுக்க இருக்கு. டிரம்ஸ் நிதானமா நடக்குது. சக் பில்லி கத்தறதைக் குறைச்சுட்டு நிஜமாவே பாடறார். ஸ்கோல்னிக்கோட சோலோக்கள் ஒவ்வொண்ணும் தனிப் பாட்டு மாதிரி மூச்சு விடுது. 'ரிடர்ன் டு செரினிட்டி'ங்கிற மெதுவான பாட்டுல அது உச்சம். பில்போர்டு பட்டியல்ல ஆல்பம் 55வது இடம் வரைக்கும் போச்சு. அதுவரைக்கும் அவங்க தொட்ட உயரமான இடம் அதுதான். ஆனா மெட்டாலிக்கா அளவுக்கு எல்லாம் கிட்டக்கூட வரலை. பழைய ரசிகனுக்குக் கோபம், புது ரசிகனும் வந்து குவியலை. அந்த வருஷமே ஸ்கோல்னிக்கும் கிளமென்ட்டும் கிளம்பிட்டாங்க.

ரெண்டாவது பதில் 'லோ'. ஸ்கோல்னிக் இடத்துக்கு 'டெத்', 'ஆபிச்சுவரி' குழுக்கள்ல வாசிச்ச ஜேம்ஸ் மர்ஃபி வந்தார். டிரம்ஸுக்கு எக்ஸோடஸ்ல இருந்து ஜான் டெம்பெஸ்டா. கேட்ட அஞ்சாவது நிமிஷமே தெரிஞ்சிடும், இது வேற ஆளுங்கன்னு. ஒலி கனமாயிடுச்சு. 'டாக் ஃபேஸ்டு காட்ஸ்'ல சக் பில்லி அடிவயித்துல இருந்து உறுமறார். 1994ல பாதிப் பேரு கிரஞ்ச் பக்கம் எட்டிப் பார்த்துட்டு இருந்தப்ப, இவங்க டெத் மெட்டல் பக்கம் நடந்தாங்க. அந்தத் துணிச்சலுக்குத்தான் கைதட்டல். ஆனா பட்டியல்ல 122வது இடம்தான். அட்லாண்டிக் நிறுவனத்தோட உறவும் அத்தோட முடிஞ்சது.

சரி, தீர்ப்பு எங்க ஆட்டம் கண்டுச்சு? 'லோ'வோட நாலாவது பாட்டுல. பேரு 'டிரெயில் ஆஃப் டியர்ஸ்'. 1830ல அமெரிக்கா போட்ட சட்டத்துக்கு அப்புறம், 1838-39ல செரோக்கி மக்களை சொந்த மண்ணுல இருந்து மேற்கே விரட்டினாங்களே, அந்தக் கண்ணீர்ப் பாதை. போன வழியில ஆயிரக்கணக்குல செத்தாங்க. சக் பில்லியும் கலிஃபோர்னியாவோட போமோ பழங்குடியைச் சேர்ந்தவர்தான். அவர் இதை எப்படிப் பாடறார் தெரியுமா? உறுமல் இல்லாம, மெதுவா, நிதானமா ஆரம்பிக்கிறார். கோபத்தை விட துக்கம் அதிகமா இருக்கற குரல்.

அந்தக் குரலை அவர் எங்க பழகினார்? எனக்குக் கேட்ட வரைக்கும், எல்லாரும் திட்டின 'தி ரிச்சுவல்'லதான். 'ரிடர்ன் டு செரினிட்டி' பாடாத ஒரு சக் பில்லி, 'டிரெயில் ஆஃப் டியர்ஸ்' பாடியிருக்க முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. விலை போன ஆல்பம்னு நாம ஒதுக்கினதுல கத்துக்கிட்ட வித்தையை வச்சுத்தான், மானம் காத்த ஆல்பத்தோட ரொம்ப நேர்மையான பாட்டு வந்திருக்கு.

பில்லியின் கதை அதோட முடியலை. 2001ல அவருக்குப் புற்றுநோய். பழைய நண்பர்கள் கூடி சான் பிரான்சிஸ்கோவுல கச்சேரி நடத்தி நிதி திரட்டினாங்க. மனுஷன் மீண்டு வந்துட்டார். நியூயார்க்ல ஜாஸ் படிச்சுட்டிருந்த ஸ்கோல்னிக்கும் 2005ல திரும்ப வந்து சேர்ந்தார், 2008ல புது ஆல்பமே போட்டாங்க. விட்டுட்டுப் போனவனும் துரோகி இல்ல, இருந்தவனும் பிடிவாதக்காரன் இல்ல. ஒரே நெருக்கடிக்கு ஆளுக்கொரு பதில், அவ்வளவுதான்.

மொத்த ஆல்பமா எது மேலன்னு கேட்டா இன்னமும் 'லோ'தான் சொல்வேன். ஆனா 'தி ரிச்சுவல்'லைத் திட்டறதை நிறுத்திட்டேன். அந்த ரெண்டு மெதுவான பாட்டையும் அடுத்தடுத்து ஒருவாட்டி கேட்டுப் பாருங்க மக்கா. அப்புறம் வந்து சண்டை போடுங்க.

டிஸ்கி: ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கவும். வீட்டுல யாராவது "என்ன மிக்ஸி ஓடுதா"ன்னு கேட்டா கம்பெனி பொறுப்பல்ல :-)