துவரும் தேயிலையும்: கேமரன் மலைத் தோட்டங்களின் சுவை வரலாறு

தமிழர் வகுத்த அறுசுவையுள் இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவது துவர்ப்பாகும். இனிப்பும் புளிப்பும் எல்லார் நாவிலும் வழங்குகின்றன. துவர்ப்புக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் பலர் தயங்குவர். ஆசிரியர் பாக்கையோ வாழைப்பூவையோ கூறி முடித்துவிடுவார். ஆயினும் மலேசியத் தமிழர் நாள்தோறும் காலையில் பருகுவது துவர்ப்பையே. பாலும் சீனியும் அதனை மறைத்துவிடுகின்றன. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக விளையும் தேயிலையின் துவர்ப்பை உருவாக்கியவர் யாவர், அதற்குப் பெயரிடும் உரிமை பெற்றிருந்தவர் யாவர் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். துவர் என்பது சுவையை மட்டும் குறிப்பதன்று. செந்நிறம், பவளம் ஆகிய பொருள்களும் அதற்குண்டு. சம்பந்தர் தேவாரம் பௌத்தத் துறவியரைத் துவராடையோடு சேர்த்துச் சுட்டுகிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் பத்துத் துவரும் ஊறியிருந்தன. நாவலும் நெல்லியும் ஆலும் அத்தியும் உரைகாரர் தரும் துவர்ப் பட்டியலில் இடம்பெறுகின்றன. நாவைச் சுருக்கும் சுவையும், துணியில் ஏறும் செம்மையும் ஒரே சொல்லில் அடங்கியமை தற்செயலாகத் தோன்றவில்லை. பட்டையையும் காயையும் ஊறவைத்துச் சாயமும் மருந்தும் செய்த மக்கள், இவ்விரண்டும் ஒரே சாற்றிலிருந்து வருவதைக் கண்டிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மலாய் மொழியிலும் இச்சுவைக்குக் கெலாட் என்னும் தனிச்சொல் உண்டு. ஆங்கிலமோ இலத்தீன் வழிவந்த சொல்லையே இதற்கு ஆள்கின்றது.

வேதியியலார் இச்சாற்றின் பொருளை டானின் என்பர். அப்பெயர் தோல் பதனிடும் தொழிலிலிருந்து பிறந்தது. ஐரோப்பியர் கருவாலி மரப்பட்டையால் தோலைப் பதப்படுத்தினர்; தமிழகத்தார் ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினர். தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கும் அதே பண்பு, வாயில் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றும்பொழுது நாவை உலரச் செய்கிறது. இதனால் துவர்ப்பைச் சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்று கொள்வதே இன்றைய உடலியலாரிடையே பெருவழக்கு. நாவால் தொட்டறியும் இதனைச் சுவைகளுள் ஒன்றாக எண்ணிய நம் முன்னோர் பிழைபட்டனர் என்று கூறுதல் பொருந்தாது. அரிஸ்டாட்டிலும் அவ்வாறே எண்ணினார்.

இங்குத் திராட்சையோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். பிரான்சின் தென்மேற்கில் மதிரான் பகுதியில் விளையும் தனா என்னும் கருந்திராட்சையின் பெயரே டானினை நினைவூட்டுவது. அதன் தோலும் விதையும் தரும் துவர்ப்பு, இளமையில் பருகவொண்ணாத அளவு கடுமையானது. 19ஆம் நூற்றாண்டில் பாஸ்கு குடியேறியவர் வழியாக அது உருகுவே நாடு சென்று, அந்நாட்டின் அடையாளத் திராட்சையாயிற்று. அத்துவர்ப்பைத் தணிக்க மதிரானில் 1990களின் தொடக்கத்தில் நுண்ணிய ஆக்சிஜன் குமிழிகளை மதுவினுள் செலுத்தும் முறை உருவாக்கப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் நிகழ்வதும் இதற்கு உறவானதே. பச்சைக் கொழுந்திலுள்ள கட்டெச்சின்கள் திராட்சை டானின்களின் நெருங்கிய உறவுப் பொருள்கள். கொழுந்தை உருட்டி இழைகளைச் சிதைத்ததும், இலையிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து அவற்றைத் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் பொருள்களாக மாற்றுகின்றது. கசப்புக் கலந்த பச்சைத் துவர்ப்பு, செந்நிறமும் உயிர்ப்பும் உடைய துவர்ப்பாகிறது. சுவையும் நிறமும் ஒருங்கே பிறக்கும் இவ்விடத்தில் துவர் என்னும் பழஞ்சொல்லின் இரு பொருளும் மீண்டும் இணைகின்றன. இந்நிலையை நொதித்தல் என்று பாடநூல்கள் எழுதுவது ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பு. மதுவில் ஈஸ்ட் செய்யும் வேலை தேயிலையில் இல்லை. இதனை ஆக்சிஜனேற்றம் என்றே கற்பித்தல் நன்று.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். எனினும் 1925இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்துசென்ற பின்னரே மலைவாழிட வளர்ச்சி தொடங்கிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் துரைமார்களுள் ஒருவரான ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். உலகப் பொருளாதாரம் சரிந்து, இரப்பர் விலை வீழ்ந்த காலம் அது. 1933இல் வட இந்தியரான அகர்வால் குடும்பத்தார் பாரத் நிறுவனத்தைத் தொடங்கினர். காட்டை அழித்து, சரிவுகளில் நாற்று நட்டுத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் மலையில் தங்கியோரின் பிள்ளைகளே தோட்டத்தின் அடுத்த தலைமுறையாயினர். போ, சுங்கை பாலாஸ் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தமையும் இதனால்தான்.

தேயிலையின் துவர்ப்பு தொழிற்சாலையில் தொடங்குவதில்லை. கொழுந்து கிள்ளும் விரலில் தொடங்குகிறது. மொட்டிலும் அதனை அடுத்த இளம் இலையிலும் கட்டெச்சின் மிகுதி. முற்றிய இலையில் அது குறைந்து நார் மிகும். ஆகவே இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் விதி வேதியியல் விதியே. அதனைச் சூத்திரமின்றிக் கடைப்பிடித்தவர் பெண்கள். எக்கொழுந்து எளிதில் ஒடியும், எது நாராய் இழுபடும் என்பதை விரல் அறியும். தொழிற்சாலையிலும் அவ்வாறே. வாடிய இலையைக் கைப்பிடியளவு அழுத்தினால் அது உருண்டையாக நிற்றல் வேண்டும். உருட்டிய இலை செம்பு நிறம் பெற்று, பச்சை மணம் நீங்கிப் பழ மணம் எழும்போது உலர்த்தும் பொறிக்குச் செல்லுதல் வேண்டும். சற்றே முந்தினால் கசப்பு. பிந்தினால் துவர்ப்பு மழுங்கிச் சுவையற்றுப்போகும். கடிகாரம் உதவும், எனினும் மலையின் குளிரும் ஈரமும் நாளுக்கு நாள் வேறுபடுவதால் கையும் மூக்குமே முடிவு சொல்லும்.

சுவைப்பறை வேறோர் உலகம். வரிசையாக வெண்பீங்கான் கிண்ணங்கள், அளந்த தூள், கொதிநீர், ஆறு நிமிடம் ஊறல், உறிஞ்சும் ஒலி, உமிழ்தல் என அது ஒரு சடங்கு போன்றது. 1980இல் வெளியான ஐஎஸ்ஓ 3103 தரமுறை இதனை நூறு மில்லிலிட்டருக்கு இரண்டு கிராம் எனவும் ஆறு நிமிடம் எனவும் வரையறுத்தது. இச்சடங்கின் மொழி ஆங்கிலம். தேநீர் பிரிஸ்க் ஆக உள்ளதா, அதற்குப் பாடி உண்டா, வாடையில் மால்ட் தெரிகிறதா என்பன போன்ற சொற்கள் லண்டன், கொழும்பு, கொல்கத்தா ஏலத் தரகரிடம் உருவானவை. குடியேற்றக் காலத் தோட்டத்தில் துரை, கிராணி, மண்டோர், கூலி என்னும் படிநிலை இருந்தது. கிண்ணம் மேற்படியில் இருந்தது. கொழுந்து கீழ்ப்படியில் இருந்தது. துவர்ப்புக்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் உடைய மக்கள் தாம் விளைத்த துவர்ப்பை மதிப்பிடும் அறைக்கு வெளியே நின்றமையே இவ்வரலாற்றின் முரண். தமிழருக்குச் சுவைக் கலைச்சொற்கள் இல்லை என்று சிலர் இன்றும் கூறுவதுண்டு. அவர்கள் தேட வேண்டிய இடம் அகராதியன்று, தோட்டத்து லயம்.

அவ்வுழைப்பாளிகள் பருகிய தேநீர் வேறு வகை. சூடான பாலின் கேசீன் என்னும் புரதம் டானினைப் பற்றிக்கொள்வதால் நாவுக்கு எஞ்சும் துவர்ப்பு குறைகிறது. இந்திய முஸ்லிம் கடைகளில் கெட்டிப்பாலோடு ஆற்றப்படும் தே தாரிக் இத்தத்துவத்தின் பொதுமக்கள் வடிவம். பாலை ஏற்றுத் தாங்கும் அளவு துவர்ப்பு வேண்டுமாதலின், அதற்குக் கடுந்தூளே ஏற்றது. மென்மையான மலைத்தேயிலை அவ்விடத்தில் தன்னை இழந்துவிடும். பாலின்றித் தே ஓ கேட்டுப் பருகுவோர் அத்துவர்ப்பை நேரே சந்திப்போர் எனலாம்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்போருள் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதி. ஆள் பற்றாக்குறையால் கத்தரியும் இருவர் பிடித்துச் செல்லும் அறுவைப் பொறியும் விரலின் இடத்தைப் பிடித்துள்ளன. பொறி மொட்டையும் முற்றிய இலையையும் பிரித்தறியாது. அந்தத் தேர்வு பின்னர்த் தொழிற்சாலையில் சலிப்பதாலும் தரம் பிரிப்பதாலும் ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றது. விரலால் கிள்ளிய தலைமுறையினர் முதுமையில் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் சமவெளி நகரங்களிலும் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். இலங்கை, நீலகிரித் தோட்டங்களின் கொழுந்து, கவ்வாத்து போன்ற சொற்கள் அந்நாடுகளின் மலையக இலக்கியத்தில் ஏறிவிட்டன. நம் மலையின் சொற்கள் அவ்வாறு ஏறவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் மாணவரை வீட்டுப் பாட்டியரிடம் அனுப்பி, வாடிய இலையை எவ்வாறு சோதித்தீர்கள், நல்ல இலையின் மணத்தை என்னவென்று அழைத்தீர்கள், வாயில் வைத்துப் பார்த்ததுண்டா எனக் கேட்டு எழுதச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு ஒதுக்கும் இரண்டு பாடவேளைகள் இதற்குப் போதும்.