குடும்ப அட்டையிலிருந்து சொந்த அட்டைக்கு: பனச்சமூட்டு முதியோரும் அரசு மருத்துவக் காப்பீடும்

“கார்டு எந்த ஸ்டேட்?” பனச்சமூட்டு முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும், நோய் என்னவென்று கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். ஊர் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், வெள்ளறடையை ஒட்டி இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து சற்று நடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு. அருமனையில் பிறந்த பெண் வெள்ளறடையில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அவளைப் பெற்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் ரேஷன் வாங்குவார்கள்; உடம்புக்கு முடியாமல் போனால் இந்தப் பக்கம் வந்து மகள் வீட்டில் படுத்துக்கொள்வார்கள்.

அரசு மருத்துவக் காப்பீட்டின் வரலாற்றைப் பணத்தொகையின் வரலாறாக எழுதுவதே வழக்கம்: 30,000 ரூபாய், 1 லட்சம், 5 லட்சம் என்று. இக்கட்டுரை வேறொன்றைத் தேடுகிறது. முதியவரின் பெயர் அட்டையில் எந்த இடத்தில் இருந்தது, யாரைச் சார்ந்து இருந்தது, எப்போது அது தனக்கென ஓர் அட்டை ஆனது என்பதே இதன் கேள்வி.

காப்பீடு வருமுன் இங்கே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1838-இல் இலண்டன் மிஷனின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் பணியைத் தொடங்கினார். 1865-இல் திருவனந்தபுரம் பொது மருத்துவமனை எழுந்தது. 1930-களில் நெய்யாற்றின்கரையில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு, கிராம சுகாதாரப் பிரிவு ஒன்று இயங்கியது. 1951-இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்று நோயாளிக்கு அட்டை என்று ஒன்று கிடையாது. அருமனைக்காரரும் வெள்ளறடைக்காரரும் ஒரே அரசின் குடிகளாக ஒரே வார்டில் கிடந்தார்கள். நெய்யாற்றின்கரையையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு பின்னாளில் சிகிச்சைச் செலவையும் பங்குபோடும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

முதல் காப்பீடு தொழிலாளியைத் தேடி வந்தது. 1948-இன் சட்டப்படி 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ., பின்னர் இங்குள்ள முந்திரி ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஊர்ப்பேச்சில் அவை ‘அண்டி ஆபீஸ்’. சம்பளம் வாங்கும் வரைதான் அந்தப் பாதுகாப்பு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதம் 10 ரூபாய். இதை அறியாமலே விட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போது மனம் பொறுப்பதில்லை. வாழ்நாளெல்லாம் அண்டி உடைத்துக் கை கறுத்தவர்கள் அவர்கள்.

ஏழைக் குடும்பம் முழுமைக்குமான காப்பீடு 2008 ஏப்ரல் 1 அன்று ஆர்.எஸ்.பி.ஒய். என்ற பெயரில் வந்தது. 30 ரூபாய் கட்டிப் பதிந்தால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கிடத்திச் சிகிச்சை. கேரளம் அதே ஆண்டில் இதைத் தன் விரிவான காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்தது. மத்திய அரசின் பட்டியலில் இல்லாத ஏழைகளையும் மாநிலச் செலவில் சேர்த்துக்கொண்டது. நல்ல திட்டம்தான். ஆனால் அட்டையில் ஐந்து பேருக்குத்தான் இடம். குடும்பத் தலைவர், துணை, இன்னும் மூவர். இரண்டோ மூன்றோ பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் ஆறாவது, ஏழாவது ஆட்கள். யாரை விடுவது என்ற முடிவை அரசு வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தது. “பிள்ளைகளுக்கு வெச்சுக்கோ” என்று முதியவர்களே ஒதுங்கிக்கொண்ட வீடுகள் உண்டு. ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்பட்டவர்களே இப்படி ஒதுங்கினார்கள்.

பெயர் ஏறியவர்களுக்கும் ஒரு தடை காத்திருந்தது. அந்த அட்டை கைரேகையால் திறப்பது. பனச்சமூட்டுப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்தது. விடியுமுன்னே எழுந்து நாற்பது ஆண்டு பால்வெட்டிய கையில் ரேகை நிற்பதில்லை. பாலும் அமிலமும் தோலைத் தேய்த்துவிடும். கருவிக்கு முன்னால் “பாட்டா, விரலைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வையுங்க” என்று பதிவு செய்யும் பிள்ளை சொல்லும். பாட்டா வேட்டி முனையில் துடைத்துத் துடைத்து வைப்பார். பெருவிரல் போய், ஆள்காட்டி விரல் போய், கடைசியில் இடக்கை வரும். உழைத்ததற்கான அடையாளமே அவரை அடையாளம் காட்ட மறுத்தது. பழைய திட்டத்தில் இருந்த ஒரு சின்னக் கருணையையும் இங்கே சொல்ல வேண்டும்: ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் வண்டிக்கூலி, ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை. பின்வந்த பெரிய திட்டத்தில் அது இல்லை.

எல்லைக்கு அப்பால் கணக்கு வேறு. 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரி 11 அன்று வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தலையை எண்ணவில்லை, உறவை எண்ணின. துணை, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் குடும்பம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (இந்த வரம்பு பின்னர் 1,20,000 ஆனது). ஐந்து பேர் என்ற கத்தரி இங்கே இல்லாதது முதியவருக்கு நல்லது. ஆனால் பெயர் அதே ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். மகளோடு எல்லை தாண்டி வந்து வாழும் தாய்க்கு இந்த உறவுக் கணக்கும் உதவவில்லை. அவள் கார்டு விளவங்கோட்டில், அவள் கட்டில் வெள்ளறடையில்.

கேரளம் புற்றுநோய், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு 70,000 ரூபாய் கூடுதலாகத் தந்தது. கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது லாட்டரி வருவாயில் காருண்யா நிதியை உருவாக்கியது. இவை நோயைப் பார்த்தன, வயதைப் பார்க்கவில்லை. வயதைப் பார்த்த முதல் அடி 2016 ஏப்ரல் 1 அன்று வந்தது: ஆர்.எஸ்.பி.ஒய். குடும்பத்தில் 60 வயது கடந்தவர் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 30,000 ரூபாய். சிறிய தொகை, ஆனாலும் முதியவர் தனி எண்ணாக எண்ணப்பட்ட இடம் இது. ஆய்வாளர்கள் பலரும் இதைக் கடந்துபோய் 2018-க்குத் தாவிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து.

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத், தொகையைக் குடும்பத்துக்கு 5 லட்சமாக்கியது. ஆள் எண்ணிக்கை வரம்பையும் எடுத்தது. ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் உள்ளே வந்தார்கள். கேரளத்தில் அது 2019 ஏப்ரலில் ‘காருண்ய ஆரோக்ய சுரக்ஷா’ ஆகி, 2020 ஜூலையிலிருந்து காப்பீட்டு நிறுவனம் இடையில் இல்லாமல் மாநில சுகாதார முகமையால் நேரடியாக நடத்தப்படுகிறது. சுமார் 42 லட்சம் குடும்பங்கள் இதில் அடங்கும். அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலை முதல் மெடிசெப். தொடங்கும்போது மாதம் 500 ரூபாய் பிடித்தம், ஆண்டுக்கு 3 லட்சம் பாதுகாப்பு. ஓய்வூதியம் இல்லாத பால்வெட்டுகாரருக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி.

இ.எஸ்.ஐ. தவிர மற்றத் திட்டங்களுக்குப் பொதுவான ஒரு வரம்பு உண்டு. இவை படுக்கைக்கான காப்பீடு. 5 லட்சம் என்று கேட்டதும் எல்லாச் செலவும் தீர்ந்தது என்று நம்பி வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆயுஷ்மான் பாரத்தில் கிடத்துவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து ஆகியவை அடங்கும். பதினாறாம் நாள் மாத்திரை அவரவர் கையில். முதுமையின் நோயோ சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று வருடக்கணக்கில் நடப்பது. இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கென 1965-இல் சட்டமான மெடிகேர், வீட்டில் உண்ணும் மருந்துக்கு 2006 வரை பொதுவாகப் பணம் தரவில்லை. ஜப்பான் 1973-இல் 70 கடந்தவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. கவனிக்க வீட்டில் ஆளில்லாத முதியோர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடத் தொடங்கினர். 1983-இல் சிறு கட்டணம் திரும்பியது. 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீடே வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் மாத்திரை காப்பீட்டுக்கு வெளியே, வேறு வழியாக வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுவாசலில் தருகிறது. கேரளத்தில் பொதுவாகக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போய் வாங்க வேண்டும். கால் நடக்காத மூதாட்டிக்கு இந்த ஒரு வேறுபாடு 5 லட்சத்தைவிடப் பெரியது. ஆட்டோக்கூலியும், கூட இருப்பவர் இழக்கும் கூலியும் இன்றைய 5 லட்ச அட்டையில் ஏறவில்லை.

2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, அக்டோபர் 29 அன்று 70 வயது நிறைந்த அனைவருக்குமான அட்டை தொடங்கப்பட்டது. வய வந்தனா என்று பெயர். வருமானச் சான்று வேண்டாம், ரேஷன் கார்டின் நிறம் வேண்டாம். குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தாலும் முதியவர்களுக்கென்று தனியாக 5 லட்சம். கணவனும் மனைவியும் 70 கடந்திருந்தால் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. இருப்பவரும் பெறலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் இராணுவத்தினர் திட்டங்களில் இருப்பவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். செலவு மத்திய, மாநில அரசுகளுக்கு 60:40.

அட்டை தொடங்கிய அன்று 70 நிறைந்தவர் 1954 அக்டோபர் 29-க்குள் பிறந்தவர். தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கி வெடித்த ஆண்டு அது. அருமனையில் பிறந்தாலும் வெள்ளறடையில் பிறந்தாலும் திருவிதாங்கூரிலோ திருவிதாங்கூர்-கொச்சியிலோ பிறந்தவர்கள். எல்லைக்கோட்டுக்கு மூத்த தலைமுறை. மகனின் ரேஷன் கார்டைக் காட்டாமல் தன் பெயரில் ஓர் அட்டை பெறும் உரிமை முதலில் இவர்களுக்குத்தான் வந்திருக்கிறது.

அதற்குச் சான்று ஆதாரில் உள்ள வயது. பள்ளிக்கூடம் போகாத பலருக்கும் அங்கே ஜனவரி 1 பிறந்தநாள், ஆண்டு ஒரு மதிப்பீடு. ஆதார் எடுத்த அன்று யாரோ கேட்டார்கள், இவர்கள் ஏதோ சொன்னார்கள். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் 1953 என்று மை மங்கிக் கிடக்கும், ஆதாரில் 1958. அந்த ஐந்தாண்டு வித்தியாசத்தைத் திருத்த, எல்லைக்கு இந்தப் பக்கம் அக்ஷயா மையத்திலும் அந்தப் பக்கம் இ-சேவை மையத்திலும், கையில் பதிவேட்டு நகலோடு அம்மச்சிகள் வரிசையில் நிற்கிறார்கள்.