டீசிக் காடு

எங்க ஆச்சி அதை ‘டீசிக் காடு’ என்றுதான் சொல்வாள். ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்காலைத் தாண்டி, வண்டிப் பாதையைத் தாண்டி, மேட்டில் கிடக்கிற செவலும் சரளுமான புஞ்சை. சின்ன வயசில் டீசி என்பது யாரோ ஒரு ஆளுடைய பேர் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்போது ஒரு டீசி கொடுத்தார்கள். அதற்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்றுகூட நினைத்ததுண்டு. கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, டி.சி. என்றால் டிப்ரஸ்டு கிளாஸ். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று சர்க்கார் எழுதிக் கொடுத்த நிலம். பஞ்சமி நிலம்.

இன்றைக்கு அந்தக் காட்டுக்குப் பட்டா ஊர்த்தெருக்காரர் ஒருவர் பேரில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டிலும் அதற்கு அதே பேர்தான். “டீசிக் காட்டுல தண்ணி பாயுதான்னு பாத்துட்டு வாலே” என்று வேலைக்காரப் பையனை அனுப்புவதை என் காதால் கேட்டிருக்கிறேன். பட்டாவை மாற்றியவர்களால் பேரை மாற்ற முடியவில்லை.

போனது எப்படி? ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒங்க தாத்தாவுக்கு வவுத்துவலி. பாளையங்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போவணும். கையில காசு இல்ல. எழுவது ரூவா குடுத்தாவ. ரெண்டு வெள்ளாமை எடுத்துட்டுத் திருப்பித் தாரோம்னாவ. தாத்தாகிட்ட கைநாட்டு வாங்கிட்டாவ. எங்க திருப்பித் தந்தாவ? மறுவருசம் அதே காட்டுல நான் கூலிக்குக் களை எடுத்தேன். எங்காட்டுக் களைய நானே கூலிக்கு எடுத்தேன், பாத்துக்கோ.”

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் எந்தச் சேரியில் போய் உட்கார்ந்தாலும், ரூபாயும் வியாதியும் மாறுமே தவிர கதை மாறாது.

இந்த ஆற்றுப் பாசனத்தைத் தெரிந்தவர்களுக்கு நிலம் எப்படிப் பங்காகியிருந்தது என்பதும் தெரியும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அதில் பாய்ந்த நஞ்சை கோயிலுக்கும் மடத்துக்கும் அக்கிரகாரத்துக்கும் பெரிய பண்ணைகளுக்கும் சொந்தம். உழுததும் நட்டதும் மடை திறந்ததும் நம் ஆட்கள். நம் பேருக்கு நிலம் என்று எழுதப்பட்டபோது கிடைத்தது கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேடு, தரிசு, மானாவாரி. அதையும் கல் பொறுக்கி, முள் வெட்டி, நிலமாக்கிய பிறகுதான் மற்றவர்கள் கண் அதன்மேல் விழுந்தது. கிணறும் கரண்டு மோட்டாரும் தார்ச்சாலையும் வந்த பிறகு பறிப்பு வேகமானது.

எழுதிக் கொடுத்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் விண்ணப்பம் போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று சொல்லி அது தள்ளப்படுவதையும், குடியிருக்கிற குடிசையின் மண்கூட அவருக்குச் சொந்தமில்லாமல் இருப்பதையும் அதில் எழுதினார். அதன்மேல் 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. வெள்ளைக்காரன் கருணையால் வந்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதே 1891-ல்தான் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். கேட்கிற குரல் கீழேயிருந்து கிளம்பிவிட்ட காலம் அது.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. பத்து வருசத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படி வழங்கிய நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிற கணக்கு. நிபந்தனை இன்றும் செத்துப்போகவில்லை. சென்னை உயர்நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் அதை ஏற்றிருக்கிறது.

பிறகு ஏன் டீசிக் காடு திரும்பி வரவில்லை?

நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். எந்தத் தாலுகா என்று எழுதவில்லை; எல்லா இடத்திலும் இதே பதில்தான் என்பதால். பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். உங்கள் தாத்தா பேரில் ஆதாரம் இருக்கிறதா என்றார்கள். ஆதாரம் உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது என்றேன். மனு கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அடுத்த முறை போனபோது பதிவேடு கிழிந்துபோயிற்று என்றார்கள். அதற்கடுத்த முறை மாவட்டத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். மாவட்டம் என்றால் எது? பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019-ல் தென்காசி பிரிந்தது. இடையில் தாலுகாக்கள் எத்தனையோ பிரிந்தன. ஒவ்வொரு பிரிவிலும் காகிதம் வண்டியேறி இறங்குகிறது. ஏறியதெல்லாம் இறங்கியதா என்று நம்மால் கேட்க முடிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பேரைப் புதுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பழைய பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் இருந்த ‘டி.சி.’ என்கிற இரண்டு எழுத்தும் ‘நிபந்தனை’ என்கிற சொல்லும் பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. கைநாட்டு வாங்கிப் பறித்தவன் அதுவரை பயந்துகொண்டு உழுதான். யு.டி.ஆருக்குப் பிறகு அதிகாரபூர்வமாக உழுதான். பத்திரப் பதிவு ஆபீஸ் கண்ணை மூடிக்கொண்டு கைமாற்றங்களைப் பதிந்தது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் பட்டா எடுத்தால் சுத்தமான பட்டா வருகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். செய்ய வைப்பதற்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் காரணை பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். போலீஸ் அதை எடுத்தது. 1994 அக்டோபர் 10-ல் நியாயம் கேட்டுக் கூடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். பஞ்சமி நிலம் என்கிற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான். 2011 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஒரு ஆணையம் அமைத்தார்கள். சில மாதத்தில் ஆட்சி மாறியது. ஆணையம் பாதியில் நின்றது. நில நிர்வாக ஆணையர் தலைமையில் பிறகு ஒரு குழு வந்தது. கண்டறிவோம், கணக்கெடுப்போம், மீட்போம் என்று அறிவிப்பு வருகிறது. ஆயத்தம் நடந்துகொண்டே இருக்கிறது. நிலம் வந்தபாடில்லை.

ஆயத்தம் என்றால் எதற்கு ஆயத்தம்? இதை யோசிக்கும்போது இதே வேலையில் இறங்கிய இன்னொரு நாட்டைப் பார்ப்பது நல்லது. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் கறுப்பின மக்களின் நில உரிமையைப் பறித்து ஒரு சட்டம் போட்டார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994-ல் நில மீட்புச் சட்டம் வந்தது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு பறிபோன நிலத்துக்கு உரிமை கோரலாம். 1998 டிசம்பர் 31-க்குள் மனு போட வேண்டும். ஏறக்குறைய 80 ஆயிரம் மனு வந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம்மவர்களின் வாரிசுகளும் அதில் உண்டு. டர்பனில் கேட்டோ மேனர் என்ற இடத்தில் தோட்டம் போட்டுப் பிழைத்த தமிழர்களையும் மற்றவர்களையும் நிறவெறி அரசு கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியிருந்தது.

ஆனால் எத்தனையோ பேருக்குக் கெடு முடிந்த பிறகுதான் இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்தது. விட்டுப்போனவர்களுக்காக 2014 ஜூலை 1-ல் மனு வாங்குவதை மறுபடியும் திறந்தார்கள். ஊர் ஊராகப் போய் மனு வாங்க வண்டிகளை அனுப்பினார்கள். இரண்டே வருசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மனு குவிந்தது. 2016 ஜூலை 28-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தத்தைச் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் நிலத்தைப் பிடித்து வைத்திருந்த வெள்ளைக்காரப் பண்ணையார்கள் அல்ல. 1998-க்குள் மனு போட்டுக் காத்திருந்த மக்களின் அமைப்புகள். எங்களுக்கே முடிக்காமல் புது வரிசையைத் திறந்தால் எங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்காமல் அவசர அவசரமாகச் சட்டம் போட்டதைத்தான் நீதிமன்றம் குற்றமாகச் சொன்னது. பழைய மனுக்களை முதலில் முடி, புது மனுக்களைப் பத்திரமாக வைத்திரு என்றது. பழையதே இன்னும் முழுசாக முடியவில்லை.

கதவைத் திறப்பது மட்டும் ஆயத்தம் ஆகாது என்பது நமக்கு அங்கிருந்து கிடைக்கிற பாடம். இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நிலம் எப்படிப் பறிபோனது என்பதற்கு, பெரியவர்கள் சொல்லக் கேட்ட சாட்சியத்தையும் அவர்களுடைய நில நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தைப் பறித்தவனிடமே காகிதம் இருக்கும் என்று தெரிந்து எழுதிய சட்டம் அது. எங்க ஆச்சி சொன்னது அங்கே சாட்சியம். இங்கே கிழவி பேச்சு.

நம் நிலைமை ஒரு வகையில் அவர்களைவிடச் சுலபம். கொடுத்தது சர்க்கார். நிபந்தனை போட்டது சர்க்கார். பதிவேடு சர்க்காரிடம். மீறியவனிடமிருந்து எடுக்கிற அதிகாரமும் சர்க்காரிடம். நாம் மனு போட்டுத்தான் அது ஆரம்பிக்க வேண்டும் என்பதே இல்லை. அப்படியிருக்க, ஆதாரம் கொண்டுவா என்று நம்மிடம் கேட்பது என்ன நியாயம்?

அடுத்து எந்த ஆணையம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை எடுத்து, கிராமம் கிராமமாக டி.சி. என்று குறித்த சர்வே எண்களைக் கிராமசபையில் வாசிக்கட்டும். பதிவேடு கிழிந்துபோன ஊரில் பெரியவர்கள் வாய்மொழியை எழுதிச் சாட்சியமாக எடுக்கட்டும். கெடு வைக்க வேண்டாம். வாரிசு இருந்தால் வாரிசுக்கு, பெண்மக்களையும் சேர்த்து. இல்லையென்றால் அதே ஊரில் நிலமில்லாத தலித்துகளுக்கு. மனு கொடுத்தவன் வீட்டுக்கு ராத்திரியில் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியில் சொன்னதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காக மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு பச்சைக் குழந்தையும் சேர்த்து. அவர்கள் கேட்டது கூலி உயர்வும் சிறையிலிருந்தவர்களின் விடுதலையும். நிலம்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் நம் தெருவில் ஒருத்தர் மனுவோடு கொக்கிரகுளம் கிளம்பினால் வீட்டில் இருக்கிற பெண்கள், “ஆத்துப் பக்கம் போவாத, பாத்து வா” என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆச்சி இப்போது இல்லை. அவள் சொன்ன எல்லைகளை, கிழக்கே ஓடை, தெற்கே ஒற்றைப் பனை, மேற்கே வண்டிப் பாதை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பனை நிற்கிறது.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் ஊரில் டீசிக் காடு, பஞ்சமர் புஞ்சை, கண்டிசன் நிலம் என்று எந்தப் பேரில் எந்த நிலம் கிடக்கிறது என்று வீட்டில் இருக்கிற கிழவன் கிழவிகளிடம் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். எல்லை கேளுங்கள். யார் வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள் என்று கேளுங்கள். தேதி போட்டு, பக்கத்தில் ரெண்டு பேர் கையெழுத்து வாங்கி வையுங்கள். சர்க்கார் ஆயத்தமாகிறபோது ஆகட்டும். நாம் முதலில் ஆவோம்.