ஐந்து டாலருக்கு விலைபோன சாசனம்

அந்தத் தோல் ஏட்டின் முன்பக்கத்தைப் பார்த்து அது யாருக்குச் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. வரிசையாக அமெரிக்க அரசியல் சட்டத்துக்கான பன்னிரண்டு திருத்தங்கள். அடியில் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் மியூலன்பர்க், துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் ஆகியோரின் கையெழுத்துகள். 1789இல் எழுத்தர்கள் இதே வாசகத்தைக் கைப்பட 14 பிரதிகள் எழுதினார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றவை 13 மாநிலங்களுக்கு. வட கரோலினாவின் பிரதிக்கு அடையாளம் அதன் முதுகில் இருக்கிறது. மடித்து அடுக்கிய பின் உள்ளே இருப்பது என்னவென்று தெரிய, அந்த மாநிலத்து எழுத்தர் பின்பக்கம் எழுதிய குறிப்பு அது. கோப்பின் மேலட்டையில் நாம் எழுதி வைப்போமே, அதுபோல. இரண்டு நூற்றாண்டு கழித்து அதை வீடு சேர்க்க அந்தச் சின்னக் குறிப்புதான் துணை நின்றது.

இந்த ஏட்டின் மேல் வட கரோலினாவுக்குத் தனிப் பாத்தியதை உண்டு. பிலடெல்பியாவில் 1787இல் எழுதி முடித்த அரசியல் சட்டம் ஒப்புதலுக்கு வந்தபோது, ஹில்ஸ்பரோவில் கூடிய அதன் பேராளர்கள் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை; 184க்கு 84 என்ற வாக்கில் நிறுத்தி வைத்தார்கள். வரி போடும் அதிகாரத்தையும் படையையும் தொலைவில் இருக்கும் ஓர் அரசின் கையில் கொடுக்கிறோம்; பேச்சுக்கும் வழிபாட்டுக்கும் எழுத்தில் உறுதி எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே 1789 அக்டோபரில் அதிபர் வாஷிங்டன் திருத்தங்களின் பிரதியை அனுப்பியபோது, வட கரோலினா ஒன்றியத்தில் சேர்ந்திருக்கவே இல்லை. வெளியே நின்ற வீட்டுக்கும் ஓலை போயிற்று. அடுத்த மாதமே ஃபேயட்வில்லில் கூடி அது உள்ளே வந்தது.

பன்னிரண்டில் பத்துதான் 1791இல் உரிமைகள் சாசனமாக நிலைபெற்றன. ஏட்டில் மூன்றாவதாக இருப்பதுதான் இன்று உலகறிந்த முதல் திருத்தம். இரண்டாவதாக இருப்பது, நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது, 1992 வரை காத்திருந்தது. கடைசியாக நிற்கும் பன்னிரண்டாவதே பத்தாம் திருத்தம் ஆயிற்று: மத்திய அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கு மறுக்காத அதிகாரங்கள் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும். கூட்டாட்சியின் உயிர்நாடி அந்த ஒற்றை வாக்கியத்தில் துடிக்கிறது.

ஆனால் அந்த ஏடு இருந்த மாநிலத்தில் விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். அவர்களை அது காக்கவில்லை. மாநில உரிமை என்ற பேச்சு அடிமை முறைக்கே கேடயமாகி, உள்நாட்டுப் போரில் முடிந்தது. 1865 ஏப்ரல் 13 அன்று ஒன்றியத் தளபதி ஷெர்மனின் படை தலைநகர் ராலேக்குள் நுழைந்தது. அடிமைப்பட்டவர்களுக்கு அந்தப் படை விடுதலையைக் கொண்டுவந்தது. அதை மறந்து, அடுத்து நடந்த களவை மட்டும் பேசக் கூடாது. அந்த நாட்களில் ஒன்றிய வீரன் ஒருவன் மாநில ஆட்சி மாளிகையிலிருந்து ஏட்டை எடுத்துக்கொண்டு ஒஹாயோவிலிருந்த தன் ஊருக்குப் போனான். 1866இல் ஒரு வணிகர் அதை 5 டாலருக்கு வாங்கினார்.

அவர் இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்தார். சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். 1897இல் அதைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. வட கரோலினா கேட்டும் கிடைக்கவில்லை. 1925இல் ஏட்டை வைத்திருந்தவர்கள் இடைத்தரகர் மூலம் விலை பேசினார்கள். திருட்டுப் போன பொது ஆவணத்துக்கு ஒரு காசும் தர முடியாது என்று மாநிலம் சொல்லிவிட்டது. 1990களில் மீண்டும் பேரம். மீண்டும் அதே பதில். எனக்கு இந்தப் பிடிவாதம் மிகவும் பிடிக்கிறது. பணம் கொடுத்திருந்தால், மக்களின் சொத்தை விற்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டதாகும்.

ஏடு சுவரிலும் பெட்டியிலும் கிடந்த அந்த ஆண்டுகளில் அதன் வாசகத்துக்குப் புது வலு சேர்ந்தது. சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1868இல் வந்த பதினான்காம் திருத்தத்தை வைத்து, இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் அந்த உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தச் செய்தன. மாநிலம் தன் குடிமக்களின் வாயை அடைத்தாலும் அதே வரிகளைக் காட்டி வழக்காடலாம் என்றாயிற்று. மையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

2000இல் பழம்பொருள் வணிகர் தரப்பு அதை 2,00,000 டாலருக்கு வாங்கி, பிலடெல்பியாவின் தேசிய அரசியல் சட்ட மையத்துக்கு 40 லட்சம் டாலருக்கு விற்க முயன்றது. பென்சில்வேனியா ஆளுநரிடமிருந்து வட கரோலினா ஆளுநருக்குத் தகவல் போனது. 2003 மார்ச் 18 அன்று, விற்பனை நடக்கப்போவதாக நம்பி ஏட்டைக் கொண்டுவந்தவர் முன்னால் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் நின்றார்கள். ஒரு மாநிலம் சொல்ல, இன்னொரு மாநிலம் உரிமை கோர, மத்திய அரசின் ஆட்கள் போய்க் கைப்பற்றினார்கள். 1788இல் ஹில்ஸ்பரோ பேராளர்கள் எந்த அரசைக் கண்டு அஞ்சினார்களோ, அந்த அரசுதான் அவர்களின் ஏட்டை மீட்டுத் தந்தது.

ஏப்ரலில் அது ராலே வந்து சேர்ந்தது. சொந்தம் யாருக்கு என்ற வழக்கு மேலும் இழுத்தது. 2008இல் மாநில நீதிமன்றம், அது வட கரோலினாவின் பொது ஆவணம் என்று தீர்த்தது. இப்போது மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மை மங்கும் என்பதால் எப்போதாவதுதான் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள்.