ஒரு ராத்தல் அரிசியும் மணிக்கட்டுக் கணக்கும்

1877 ஜனவரியில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். தாது வருஷப் பஞ்சம் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். கல்வராயன் மலை அன்று சேலம், தென்னாற்காடு என்ற இரு மாவட்டங்களுக்கு நடுவே கிடந்தது. மலைக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டைச் சேர்ந்த தாலுகா. பஞ்சம் மிக மோசமாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது 454 கிராம். அரிசியாகக் கொடுத்தால் ஏறத்தாழ 1,600 கலோரி.

மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிறைக் கைதிகளின் உணவைப் பற்றி 1863லேயே அறிக்கை எழுதியவர் அவர். உழைக்கும் உடம்புக்கு இந்த அளவு பற்றாது என்று வாதாடினார். சில மாதங்களில் அரசு இறங்கிவந்து அளவைக் கூட்டியது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

டெம்பிளும் கார்னிஷும் மோதிக்கொண்டது ஒரே கேள்வியில்: ஓர் உடம்பு ஒரு நாளில் எவ்வளவு எரிக்கிறது? அதே கேள்விக்கு இன்று மணிக்கட்டில் கட்டிய வாட்ச் ஒற்றை எண்ணில் பதில் சொல்கிறது. 412 என்கிறது, 413 இல்லையாம். இத்தனை துணிச்சல் அதற்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வழியில் சென்னை இரண்டு முறை வருகிறது.

முதல் முறை 1931ல். அமெரிக்காவின் பாஸ்டனில் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய ஃபிரான்சிஸ் பெனடிக்ட், 1919லேயே ஜே. ஆர்தர் ஹாரிஸுடன் சேர்ந்து ஒரு சூத்திரம் வெளியிட்டிருந்தார். வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று சொன்னால் போதும். சும்மா படுத்திருக்கும் உடம்பு நாள் முழுக்க எவ்வளவு எரிக்கும் என்று அது சொல்லிவிடும். 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து பிறந்த சூத்திரம் அது. இன்றும் பல கலோரிக் கணிப்பான்களின் அடியில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் எலினோர் மேசன், அதே பெனடிக்டுடன் இணைந்து தென்னிந்தியப் பெண்களை அளந்தார். அமெரிக்கப் பெண்களுக்கு வகுத்த அளவைவிட இவர்கள் எரித்தது சுமார் 17 சதவீதம் குறைவு. சூத்திரம் எழுதியவரே தன் சூத்திரம் சென்னையில் பொருந்தவில்லை என்ற கட்டுரைக்குக் கையெழுத்திட்டார். அறிவியல் வரலாற்றில் இப்படியொரு நேர்மையை அடிக்கடி பார்க்க முடியாது.

காரணம் இனத்தின் மர்மம் எதுவுமில்லை. ஒரே எடையுள்ள இரண்டு பேரில் தசை கூடியவர் அதிகம் எரிப்பார், கொழுப்பு கூடியவர் குறைவாக எரிப்பார். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷெட்டி, சோரஸ், குர்பத் ஆகியோர் பிற்காலத்தில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 1985ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் ஏற்ற ஸ்கோஃபீல்டு சூத்திரங்கள், இந்திய ஆண்களுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூட்டிச் சொல்வதாக அவர்கள் கண்டார்கள். அந்தச் சூத்திரங்களுக்காக அளக்கப்பட்ட சுமார் ஏழாயிரம் பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இத்தாலியர்கள்!

இரண்டாம் முறை 1963ல். பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிறுவனம் அப்போது சென்னையில் இருந்தது. டெல்லிக்குப் போனது பிறகுதான். அங்கே மல்ஹோத்ரா, சென் குப்தா, ராய் மூவரும் நாடித் துடிப்பின் எண்ணிக்கையையே ஆற்றல் செலவுக்கு அளவாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்து, அமெரிக்க உடலியங்கியல் இதழொன்றில் வெளியிட்டார்கள். அதுவரை வழக்கத்தில் இருந்தது 1911ல் ஆக்ஸ்ஃபோர்டின் டக்ளஸ் வடிவமைத்த பை. முதுகில் பெரிய பையைக் கட்டி, வாயில் குழாயைக் கவ்வி, விடும் மூச்சு முழுவதையும் அதில் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி என்று கணக்கு. இந்தக் கோலத்தில் எவரும் நாள் முழுக்க வேலை பார்க்க முடியாது. நாடியை எண்ணுவது எவ்வளவோ எளிது.

எளிதுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நடுத்தர உழைப்பிலும் கடும் உழைப்பிலும் ஆக்சிஜனும் துடிப்பும் சேர்ந்தே ஏறும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இந்த முறையைக் கவனமாகக் கையாண்ட ஆய்வாளர்கள் ஒவ்வொருவரையும் முதலில் மூச்சுக் கருவியில் அளந்து, அவருக்கென்று தனிக் கோடு வரைந்துகொண்டார்கள். கடையில் வாங்கும் வாட்ச் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ல் கம்பியில்லாத நெஞ்சுப் பட்டையுடன் கருவியைக் கொண்டுவந்தபோது அது துடிப்பைத்தான் விற்றது. கலோரி பின்னால் ஒட்டிக்கொண்டது.

2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேர் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில் ஆகச் சிறந்த கருவியே 27 சதவீதம் பிசகியது. ஆக மோசமானது 93 சதவீதம். வாட்ச் நல்ல நாடி வைத்தியர், மோசமான கணக்கப்பிள்ளை. ஆண்களுக்கும், பருமன் கூடியவர்களுக்கும், கருத்த தோல் உள்ளவர்களுக்கும், நடைக்கும் பிழை கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு குறித்தது.

இதை அப்படியே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் இன்னும் கூடும். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுபவர் கையில் வாட்ச் கட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு முறுகும். தோலுக்குள் பச்சை ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் உணரி தடுமாறும். வெயில் ஏற ஏற, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுவதால் துடிப்பும் ஏறும். அந்தக் கூடுதல் துடிப்பையும் உழைப்பாகவே வாட்ச் எழுதிக்கொள்ளும்.

மலையில் பிழை எதிர்ப்பக்கமும் போகலாம். சின்னக் கல்வராயன் சராசரியாக 825 மீட்டர், பெரிய கல்வராயன் 1,220 மீட்டர். 50 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் 600 மீட்டர் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 280 கலோரி ஆகும்; தலையில் 20 கிலோ விறகும் இருந்தால் 390ஐத் தாண்டும். வாட்சுக்குத் தெரிந்த எடை அதில் பதிந்துவைத்த 50 மட்டுமே. முதுகுப்பையின் எடையைக் கேட்டுக்கொள்ளும் வசதி சில கருவிகளில் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆனால் எடை மட்டும் தெரிந்தாலும் போதாது. தத்தா, ராமநாதன் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 30 கிலோ சுமையைத் தலை, முதுகு, காவடி, கை என்று ஏழு விதமாகச் சுமக்கவைத்து அளந்து 1971ல் எழுதினார்கள். முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கட்டிய சுமைக்கு ஆற்றல் மிகக் குறைவாகச் செலவானது, தலைச்சுமை அதற்கு அடுத்து, கையில் தூக்கிச் செல்வதற்கு எல்லாவற்றையும்விட அதிகம்.