இறுகிய வாயும் இளஞ்சூடும்

நோயுற்ற உறுப்புக்குச் சூடு கொடுத்து இதம் காண்பது மனித குலத்தின் மிகப் பழைய மருத்துவங்களுள் ஒன்றாகும். சித்த மருத்துவம் தன் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் ஒற்றடத்தையும் வேதுவையும் எண்ணுகிறது. யூனானி ஹகீம்கள் ஒற்றடத்தைத் ‘தக்மீத்’ என்பர். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் குர்துபா நகரையடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவை மருத்துவப் பகுதியைச் சூட்டுக்கோல் சிகிச்சையைக் கொண்டே தொடங்குகிறார்.

இந்த நெடிய மரபு நம் காலத்தில் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று, பாக்கு மெல்லுவோரின் வாய்.

வெற்றிலை பாக்கு நம் மண்ணின் பழைய உபசாரம். பதினான்காம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்த இப்னு பதூதா, தம் பயண நூலில் தாம்பூலத்தை விரிவாக வருணித்து, விருந்தினர்க்கு அதனை அளிப்பது பெருமரியாதை என்று குறித்துள்ளார். அந்த மரியாதைக்குள் ஒரு நோயும் மறைந்திருந்ததை மருத்துவ உலகம் வெகு தாமதமாகவே அறிந்தது. 1952-இல் ஷுவார்ட்ஸ் என்பவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் இறுகிப் போனதை எழுதினார். மறு ஆண்டே பம்பாய் மருத்துவர் ஜோஷி அதனை நார்த்திசு நோயென இனங்கண்டார்.

முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்ப்பட்டைகள் திரண்டு, வாய் திறப்பது குறுகிக்கொண்டே வரும். பாக்கிலுள்ள அரெகோலின் என்னும் பொருள் கொலாஜன் நார்களைப் பெருக்குகிறது. அதிலுள்ள செம்பு அந்நார்களைப் பின்னிப் பிணைக்கிறது. உடல் அவற்றைக் கரைக்க முயன்றும் இயலாது போகிறது.

சூடு இங்கேதான் உதவிக்கு வருகிறது. உயர் அலைவு மின்சாரத்தால் உடலினுள் வெப்பம் உண்டாக்கலாம் என்று பிரான்சின் தார்சொன்வால் 1890-களில் காட்டினார். அதன் வழிவந்த ‘டயத்தெர்மி’ முறையை இந்திய மருத்துவர்கள் 1980-ஆம் ஆண்டளவில் இந்நோய்க்குப் பயன்படுத்தினர். நுண்ணலையைக் கன்னத்தில் செலுத்தினால் மேற்தோலுக்கு அடியிலுள்ள நார்ப்பகுதி சூடேறி, இரத்த ஓட்டம் பெருகி, பட்டை தளர்கிறது. வசதியற்ற இடங்களில் வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளிப்பதே எளிய துணை.

ஆயினும் சூடு மட்டும் போதாது. 1970-இல் அமெரிக்காவின் லேமன் குழுவினர் தசைநாண்களை 45 பாகை வெப்பத்தில் வைத்து ஆராய்ந்தனர். சூட்டுடன் இழுவையும் சேர்ந்தபோதே நார் நிலையாக நீண்டது. எனவே சூடு தந்த பின் மரச்சில்லுகளைப் பற்களிடையே ஒவ்வொன்றாகக் கூட்டி வைத்து வாயைத் திறக்கும் பயிற்சி இன்றியமையாதது.

வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் சிறிது நேர ரயில் பயணமே. பின்னலாடைத் தொழிலில் இரவு ஷிப்டில் கண்விழிக்கும் இளைஞருக்குப் பாக்குப் பொட்டலம் நல்ல துணையாகத் தோன்றலாம். 2013-இல் தமிழக அரசு குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்தது. ஆனால் வெறும் பாக்கும் தீங்கற்றதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல், பாக்கையே புற்றுநோய்க் காரணியென அறிவித்தது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இவ்வாய் நோயுற்ற 66 பேரைப் பதினேழு ஆண்டுக் காலத்தில் கண்காணித்தபோது, ஐவருக்குப் புற்றுநோய் கண்டதாக 1985-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

ஆகவே வாயில் ஆறாத புண்ணோ கட்டியோ இருப்பின், சூட்டுச் சிகிச்சைக்கு முன் சோதனை செய்துகொள்வது கட்டாயம். புற்று உள்ள இடத்தில் சூடு கேடாய் முடியலாம். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்க்கும் டயத்தெர்மி ஆகாது.

இறுகிய நாரை முழுதும் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து எதுவும் இல்லை. சூடு நாரைத் தளர்த்தும்; பயிற்சி வாயைத் திறக்கும். பாக்கை நிறுத்தினால்தான் இவ்விரண்டும் பலிக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மூன்று விரல்களை நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களிடையே வைத்துப் பார்க்கச் சொல்வோம். அவை நுழையாவிடில் மருத்துவரிடம் செல்ல அன்றே நாள் குறிக்க வேண்டும்.